எட்டு மூக்கு

5 ஜூலை, வெள்ளி

உரக்கடையில் அப்பாவுக்கு இனாமாகக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எந்தச் செடிக்கு எப்போது மருந்தடிக்க வேண்டும் என்று அச்சடித்திருக்கிறது. அரை வருடம் அலமாரியில் தூங்கிவிட்டு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. ஆக, பூச்சி விரட்டும் டைரியில் ஒரு பூச்சியே எழுத ஆரம்பிக்கிறது.

பூச்சியின் பெயர் பிரகல்யா. பிளஸ் டூ. வீட்டில் கல்யா. கனகராஜ் மாமாவுக்கு மட்டும் கல்லு.

அக்கா சௌபர்ணிகா கார் ஓட்டுகிறாள். ஆபீசுக்கு இல்லை. நேர்கோட்டில் நானூறு மீட்டர், பன்னிரண்டு வினாடி சொச்சம், அவ்வளவுதான் பந்தயம். பல் தேய்க்க அவள் எடுத்துக்கொள்ளும் நேரம் பத்து நிமிடம். இந்த முரண்பாட்டை வீட்டில் யாரும் கேட்பதில்லை.

காரைக் கட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. கணபதி ஏரியாவில் அவருக்கு ஒரு ஷெட் இருக்கிறது. பழைய செடான் ஒன்றைப் பிரித்து டர்போ வைத்திருக்கிறார். டர்போ என்பது எஞ்சின் விடும் புகையின் வேகத்தில் சுற்றி, வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கும் ஒரு விசிறி. இது மாமாவின் விளக்கம். என் விளக்கம்: டர்ர்ர், போ. திணித்த காற்று சூடாகிவிடும் என்பதால் அதை ஆற்ற முன்பக்கம் இன்டர்கூலர். டர்போவிலிருந்து அதற்குப் போகவும், அதிலிருந்து எஞ்சினுக்கு வரவும் அலுமினியக் குழாய்கள். குழாய்கள் சேருமிடமெல்லாம் தடித்த சிலிக்கான் ஹோஸ். ஹோஸின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கிளாம்ப். கிளம்பாமல் பிடித்து வைப்பதால் அதற்குக் கிளாம்ப் என்று பெயர் வந்திருக்க வேண்டும்.

நாலு ஹோஸ், எட்டு முனை. உள்ளே ஓடும் காற்றுக்கு ஸ்கூட்டர் டயரில் இருக்கிற அழுத்தம். ஒரு முனை கழன்றாலும் கார் படுத்துவிடும். அதனால் மாமா அந்த எட்டு முனைகளையும் மாப்பிள்ளை வீட்டாரைக் கவனிப்பது போலக் கவனிக்கிறார். எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட் போட்டுத் துடைப்பார். ஹோஸை ஏற்றி முடுக்குவார். எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முடுக்குவார். கடைசியில் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு, பாதி ஹோஸ் மேல், பாதி குழாய் மேல்.

"கோடு ஒரே கோடா இருந்தா ஹோஸ் எடத்துலயே இருக்குதுன்னு அர்த்தம். ஒரு அரிசி அளவு வெலகுனாலும் கழட்டித் தொடச்சு மறுக்காப் போட்டாகோணும். ராத்திரி பூரா நான் அதையே பாத்துட்டு உக்கார முடியுமா? எனக்குப் பதிலா கோடு பாத்துக்குது."

இன்று டீ வந்தபோது டம்ளரை அப்படியே அடியில் பிடித்துத் தூக்கினார். நான் தொட்டுவிட்டுக் கையை உதறினேன். அவருக்குச் சுடவே இல்லையாம். "மாமா, நீங்க தீ மிதிக்கறதுக்குப் பதிலா தீ பிடிக்கலாம்" என்றேன். சிரித்தார்.

மூன்று சுற்றுப் போட்டியில் முதல் சுற்றில் அக்கா இரண்டாவது. மொத்தத்தில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் சென்னை அணி ஒன்று அவளை அடுத்த வருடம் எடுத்துக்கொள்கிறது. காரைப் பார்த்துக்கொள்ள மாமாவையும் சேர்த்து. பதினெட்டு வருடமாகத் தகர ஷெட்டில் வேலை செய்கிற மாமா இதை ஒரு நாளைக்கு நான்கு முறை சொல்கிறார், யாரும் கேட்காமலே.

6 ஜூலை, சனி

தேங்காய் துருவினேன். துணி காயப்போட்டேன். சாரல் வந்தது, எடுத்தேன். வெயில் வந்தது, மறுபடி போட்டேன். இதற்குப் பெயர் விடுமுறை.

மாலையில் ஷெட்டுக்குப் போனேன். நேற்று சூடாக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு நிறுத்தியிருந்தார்கள். மாமா டீசல் வாங்கப் போயிருந்தார். பானெட் திறந்திருந்தது. எட்டு மஞ்சள் கோடுகள், ஒவ்வொன்றும் மூக்கு மாதிரி. மூக்கு இருந்தால் கண்ணும் வாயும் வேண்டாமா?

கறுப்பு மார்க்கரால் வரைந்தேன். முதல் முனை அப்பா, கண்ணாடியோடு. இரண்டாவது அம்மா, பொட்டோடு. மூன்றாவது அக்கா, கண் மூடித் தூங்குகிறாள். நாலாவது எங்கள் வேதியியல் டீச்சர். ஐந்தாவது மாமா. ஆனால் ஐந்தாவதில் மூக்கு கோணல். ஹோஸ் மேல் இருந்த பாதியும் குழாய் மேல் இருந்த பாதியும் சேராமல் நடுவே சின்ன இடைவெளி, சளி பிடித்துச் சிந்தித் துடைத்த மூக்கு போல. மாமாவுக்கு அப்படி ஒரு மூக்கு வைக்க மனசு வரவில்லை. நகப்பூச்சு அழிக்கும் திரவம் பையில் இருந்தது. சுத்தமாகத் துடைத்துவிட்டு, அவர் பேனாவாலேயே நேரான மூக்கு ஒன்று போட்டேன். மீசையும் வைத்தேன். நல்ல களை. மீதி மூன்று மூக்குக்கும் கண்ணும் வாயும் மட்டும்.

வரைவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொண்டேன், ஸ்டேட்டஸ் போட.

மாமா வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏங் கண்ணு, இதென்ன எஞ்சினா, கல்யாண ஆல்பமா?" கோபமே இல்லை. போன வருடம் காற்று வடிகட்டிக்குள் நான் ஒரு ஊதலைச் செருகி, அது விசில் அடிக்க, அவர் இரண்டு மணி நேரம் டர்போவைப் பிரித்துப் பார்த்தாரே, அன்றைக்குக்கூட என்னைத் துரத்தியது ஷெட் வாசல் வரைதான்.

7 ஜூலை, ஞாயிறு

இன்று போட்டியின் இரண்டாவது சுற்று. காலை ஓட்டம் நன்றாக நடந்தது. பன்னிரண்டு புள்ளி ஆறு.

இரண்டாவது ஓட்டத்துக்கு முன் மாமா டார்ச் அடித்து ஒவ்வொரு முகமாக விசாரித்தார். "மச்சான், சௌக்கியமா. அக்கா, சௌக்கியமா." ஐந்தாவதில் தன் மீசையைப் பார்த்துவிட்டு, "தம்பி நீயும் சௌக்கியந்தான்" என்றார். பானெட்டை மூடினார். "மூக்கெல்லாம் நேரா இருக்குது. உடு."

பச்சை விளக்கு. முதல் கியர், இரண்டாவது. மூன்றாவதில் லாரி டயர் வெடித்தது போல ஒரு சத்தம். கார் கறுப்பாக இருமிக்கொண்டு அப்படியே தொய்ந்து, பாதி தூரத்தில் நின்றுவிட்டது. பக்கத்துத் தடத்தில் போனவன் கோட்டைத் தாண்டிக் கையை ஆட்டினான்.

அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாமா ஓடினார். நானும் ஓடினேன். பானெட்டைத் திறந்தால் ஒரு முனை மட்டும் கழன்று தொங்குகிறது. ஐந்தாவது. மீசை வைத்த முகம் வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறது.

சென்னை அணியிலிருந்து வந்திருந்தவர் மரியாதையாகத்தான் கேட்டார். "இத டைட் பண்ணது யாரு?"

"நான்தானுங்க" என்றார் மாமா.

அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. மாமா தன் கட்டைவிரலால் மற்ற விரல்களின் நுனிகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். யாரும் தாகம் என்று சொல்லவில்லை.

8 ஜூலை, திங்கள்

வேதியியல் ரெக்கார்டு எழுதி முடித்தேன். போனில் இடமில்லை என்று பழைய படங்களை அழித்தேன். அழித்தவை போய் உட்காரும் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். சுத்தம் நல்லது.

9 ஜூலை, செவ்வாய்

ஒன்றும் நடக்கவில்லை. சாம்பாரில் முருங்கைக்காய்.

10 ஜூலை, புதன்

மாமாவும் சுகுணா அத்தையும் வந்திருந்தார்கள். மாமா சோபாவின் நுனியில், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர் போல உட்கார்ந்திருந்தார். ஆறு மாதமாகவே விரல் நுனி மரத்துப் போகிறதாம். யாரிடமும் சொல்லவில்லையாம்.

"திருகாணி கையில நிக்குதா இல்லியான்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்கறேன் அக்கா" என்றார் அம்மாவிடம். "முடுக்கறப்ப முந்தியெல்லாம் போதும்னு வெரலு சொல்லும். இப்ப ஒண்ணுமே சொல்றதில்ல. நானா நெனச்சுக்கறேன், போதும்னு."

"ஒரு கிளாம்ப் கழண்டா கையே போச்சுன்னு அர்த்தமா மாமா?" என்றாள் அக்கா.

"கோடு நகரல கண்ணு. அதுதான் எனக்குப் பயமா இருக்குது. கோடு நகந்திருந்தா, செரி, சூட்டுல ஹோஸு எளகிருச்சு, நான் மறுக்காப் போட்டிருப்பேன். கோடு நேராவே இருந்து, அஞ்சு வினாடில கழண்டுச்சுன்னா, அது முடுக்குனதே இல்ல, காலைல ஏதோ தாங்கியிருக்குது. முடுக்குனதா நான் நெனச்சுட்டிருந்திருக்கேன். உள்ள உக்காந்திருந்தது நீ."

எனக்கு ஒரு ஜோக் தோன்றியது. சொல்லவில்லை. இதை டைரியில் குறித்து வைப்பதற்குக் காரணம், இப்படி முன்பு நடந்ததில்லை.

12 ஜூலை, வெள்ளி

பஸ்ஸில் நின்றுகொண்டே யோசித்துப் பார்த்தேன். கோணல் மூக்கு என்றால் கோணல் மூக்குதான். பெயின்ட் காய்வதற்குள் கை பட்டிருக்கலாம். பேனா வழுக்கியிருக்கலாம். உலகத்தில் கோடுகள் கோணலாக இருக்க நூறு காரணம் உண்டு.

நூறில் இரண்டுதான் கிடைத்தது. அதற்குள் ஸ்டாப்பிங் வந்துவிட்டது.

14 ஜூலை, ஞாயிறு

ஷெட்டுக்குப் புதிதாக ஆல்வின் என்பவர் வந்திருக்கிறார். மாமாவே போய்க் கூட்டிவந்தார். இருபத்தேழு வயது, எதற்கும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொள்கிறார். கையில் ஒரு நீளமான ஸ்பேனர்; வைத்த அளவுக்கு முடுக்கியதும் டக் என்று சத்தம் போட்டு நின்றுகொள்கிறது. விரல் ஒன்றும் சொல்லத் தேவையில்லை.

எட்டு முனைகளையும் கழற்றி, குழாய் மேலிருந்த என் எட்டுப் பாதி முகங்களையும் துடைத்து, புது ஹோஸ் போட்டார். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்தார். ஒரு முறை ஒரு கிளாம்ப் உருண்டு அவர் காலடியில் வந்து விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "தம்பி, இங்க உளுந்திருச்சு" என்று ஆல்வினைக் கூப்பிட்டார்.

கடைசிச் சுற்று இருபத்தெட்டாம் தேதி. அதில் முதலாவதாக வந்தால்தான் அக்காவுக்கு வாய்ப்பு. மாமா என்ன சொல்கிறார் என்றால், அத்தையின் அண்ணன் வைத்திருக்கும் டைல்ஸ் கடையில் சரக்கு இறக்கும்போது மேற்பார்வைக்கு ஆள் கேட்கிறார்களாம். நாற்காலி உண்டாம். மின்விசிறி உண்டாம்.

16 ஜூலை, செவ்வாய்

மாமாவை டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். சர்க்கரை இருக்கிறது. விரல் நுனியில் உணர்ச்சி கொஞ்சம் குறைவு. பிடிமானத்துக்கு ஒன்றும் இல்லை, வேலை செய்யலாம், மாத்திரை போடுங்கள் என்றாராம்.

அத்தை இதை முழுதாகச் சொன்னார். மாமா சொன்னபோது "உணர்ச்சி கொறைவு" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிடிமானத்துக்கு ஒன்றும் இல்லை. இதை இங்கே இன்னொரு முறை எழுதி வைக்கிறேன். பிடிமானத்துக்கு ஒன்றும் இல்லை.

18 ஜூலை, வியாழன்

சொல்லிவிடலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். மாமா தன் ஸ்பேனர்களைத் துடைத்து, அளவு வாரியாக ஆல்வினின் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம்."

"சொல்லு சாமி."

"டைல்ஸ் கடைக்குப் போனா உங்களுக்குத் தலையில கல்லு, வீட்டுக்கு வந்தா காலடியில கல்லு."

அதாவது நான்தான் கல்லு. அவர் பெரிதாகச் சிரித்தார். அத்தோடு வந்துவிட்டேன். என் வாயை நான் இவ்வளவு வெறுத்ததில்லை.

19 ஜூலை, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன். மொட்டை மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். கோணல் மூக்கு, நகப்பூச்சுத் திரவம், புது மூக்கு, எல்லாம் வரிசையாக. அவள் போர்வையின் மறுமுனையைப் பிடித்தபடி கடைசி வரை கேட்டாள்.

"எவ்வளவு வெலகி இருந்துச்சு?"

"ஒரு அரிசி. ரெண்டு அரிசி."

"மாமா அரிசின்னு சொன்னத அப்படியே சொல்றே."

"அக்கா, நெசமா."

"படம் எடுத்திருப்பியே. நீ தோசை கருகுனாக்கூடப் படம் எடுக்கறவ."

"அழிச்சுட்டேன்."

அவள் போர்வையை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. கண் கலங்கிவிட்டது, அதுவும் பாசத்தில். "கல்யா, அப்பா ஸ்கூட்டர நான் சுவத்துல தேச்சப்ப, நான்தான்னு போய் நின்னவ நீ. ஒரே ஒரு ஷவர்மாக்கு. நீ அழுத அழுகையில எனக்கே நீதான் தேச்சியோன்னு தோணுச்சு. இதுவும் அப்படித்தான். மாமா கஷ்டப்படறதப் பாக்க முடியலைன்னு நீ வாங்கிக்கறே. வேண்டாம் தங்கம். இது ஸ்கூட்டர் இல்ல. மாமா கையில நெசமாவே பிரச்சினை இருக்குது. நாம பொய் சொல்லி அவர மறுபடியும் முடுக்க வெச்சா, நாளைக்கு அவருக்குத்தான் கஷ்டம்."

நான் மேலும் ஏதோ சொன்னேன். அவள் என் தலையைத் தடவினாள். பொய் சொன்னால் தலையில் குட்டு. உண்மை சொன்னால் தடவல். இந்த வீட்டின் சட்டம் எப்போது மாறியது?

20 ஜூலை, சனி

பழைய ஹோஸ்களை ஆல்வின் ஷெட்டுக்குப் பின்னால் போட்டிருந்தார். ஐந்தாவதைத் தேடி எடுத்தேன். மீசை பாதி இருக்கிறது. என் கோட்டுக்கு அடியில் மாமாவின் பழைய கோடு ஒரு நூலாவது தெரியாதா என்று வெயிலில் பிடித்து, தண்ணீரில் நனைத்து, சாய்த்து, திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. அம்மா பாத்திரம் துலக்கச் சொன்னால் என் கையில் கறை போகவே போகாது. இதை மட்டும் அவ்வளவு நன்றாகத் துடைத்திருக்கிறேன்.

ஆல்வின் பார்த்துவிட்டார். அவரிடமும் சொன்னேன். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார், ஹோஸின் உட்பக்கம் விரலை விட்டுத் தடவி, விரலைப் பார்த்தார். லேசாக எண்ணெய்.

"இருக்கலாம்மா. எஞ்சின்ல இருந்து எண்ணெய் ஆவி வந்து படியும். நல்லா முடுக்கி இருந்தாலும் சூட்டுல கொஞ்சங் கொஞ்சமா நகரும். அதுக்குத்தான அண்ணன் கோடு போடறது. கோடு பாத்திருந்தா கழட்டித் தொடச்சுப் போட்டிருப்பாரு. முடிஞ்சுது கதை."

"அப்போ மாமா கைல தப்பில்லைன்னு நீங்க சொல்லுங்கண்ணா."

"நான் பாக்கலியேம்மா. வந்து ஒரு வாரங்கூட ஆகல. அவர் எடத்துக்கு வந்தவன் நான். நான் போயி, உங்க கை நல்லாத்தான் இருக்குதுன்னு சொன்னா, பரிதாபப்பட்டுச் சொல்றேன்னுதான் நெனப்பாரு. நீங்க சொல்லுங்க. உங்க மாமாதான?"

21 ஜூலை, ஞாயிறு

சொன்னேன். அத்தை வீட்டுச் சமையலறையில், அத்தையும் இருக்கும்போதே. சிரிக்காமல், கண்ணைச் சிமிட்டாமல், ஒரு சிலேடைகூட இல்லாமல் சொன்னேன். மாமா எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு பாதியும் சேரலையா?"

"சேரல மாமா."

"எந்தப் பக்கமா நகந்திருந்துச்சு?"

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு யோசித்தும் இடைவெளிதான் நினைவில் இருக்கிறது, பக்கம் இல்லை. "இந்தப் பக்கம்" என்று ஒரு கையைக் காட்டினேன். பிறகு மற்றதை.

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே புன்னகை, குழந்தை மேடையில் வசனம் மறந்தபோது வருவது.

"சுகுணா, பாத்தியா. எல்லாரும் இவள வாலுங்கறீங்க. மாமனுக்காக எப்படி ஒரு கதை கட்டிட்டு வந்திருக்குது பாரு."

"கதை இல்ல மாமா. என்னைத் திட்டுங்க. ஊதல் வெச்சப்ப தொரத்துனீங்களே, அது மாதிரி தொரத்துங்க."

"ஊதல நீ வெச்சே. அத நான் கையால எடுத்தேன், கண்ணால பாத்தேன். இத எங்க பாக்கறது?" இடது கையால் என் கன்னத்தைத் தொட்டார். அந்த விரல்களுக்கு என் கன்னம் தெரிந்ததா, தெரியவில்லை. "எனக்கு வருத்தமெல்லாம் இல்ல கல்லு. ஒருத்தரு உசுரு உள்ள உக்காருது. சந்தேகம் வந்துருச்சுன்னா கைய எடுத்துக்கோணும். அவ்வளவுதான். நீ ரெண்டு வாய் சாப்புடு."

சாப்பிட்டேன். புளித்தது.

23 ஜூலை, செவ்வாய்

மாதத் தேர்வு. கேள்வி: அழுத்தம் அதிகரிக்கும்போது வாயுவின் நடத்தையை விளக்குக. பக்கம் பக்கமாக எழுதினேன். வாயு நடந்து, ஓடி, வெடித்தது.

25 ஜூலை, வியாழன்

சென்னை அணிக்காரருக்குப் போன் செய்தேன். அக்காவின் போனிலிருந்து எண்ணைத் திருடினேன். "சார், நான் சௌபர்ணிகாவோட தங்கச்சி" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். நல்ல மனிதர். கடைசியில், "வீட்டுல இப்படி சப்போர்ட் பண்றது நல்ல விஷயம்மா. ஆனா செக் பண்ண வேண்டியது அவர் பொறுப்புதானே? யாரோ கோட்ட மாத்தி வரைஞ்சா கண்டுபிடிக்க வேண்டாமா?" என்றார்.

ஆக, என்னை நம்பாதவர்களுக்கு மாமாவின் கை குற்றவாளி. நம்புகிற ஒருவருக்கு மாமாவின் கண் குற்றவாளி. எங்கே தட்டினாலும் கதவு அவர் மேலேயே விழுகிறது. இனி தட்ட எனக்குக் கதவு தெரியவில்லை.

27 ஜூலை, சனி

ஆல்வின் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முடுக்கினார். டக், டக், டக். எட்டு டக். பிறகு பேனாவை மாமாவிடம் நீட்டினார், கோடு மட்டுமாவது அவர் போடட்டும் என்று. மாமா வாங்கவில்லை.

"முடுக்குனவந்தான் தம்பி கோடு போடோணும். அது கையெழுத்து மாதிரி."

ஆல்வின் போட்டார். நான் பத்தடி தள்ளி நின்றேன். யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை.

28 ஜூலை, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப் போவதில்லை.

மூன்று ஓட்டம். முதல் ஓட்டத்துக்கு அக்கா ஹெல்மெட்டை மாட்டியபோது எனக்குள் ஒன்று தோன்றியது. இது மட்டும் இன்றைக்குக் கழன்றால்? ஆல்வின் போட்ட கிளாம்ப், டக் என்று சத்தம் கேட்டு முடுக்கிய கிளாம்ப், அதுவும் கழன்றால், யார் போட்டாலும் கழலும் என்று ஆகிவிடும். ஆல்வின் கைக்கு எந்த நோயும் இல்லை. அப்புறம் மாமாவை யார் குறை சொல்ல முடியும்?

கழல வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அக்கா உள்ளே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு வருடமும், போகும் வேகமும், அவளும் உள்ளே இருந்தார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வேண்டிக்கொண்டேன். மூன்றாவது கியர் விழும் நொடியில் காதைத் தீட்டிக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை. பன்னிரண்டு புள்ளி நான்கு.

இரண்டாவது ஓட்டம். பன்னிரண்டு புள்ளி நான்கு. ஆல்வின் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். எட்டுக் கோடும் நேராக.

மூன்றாவது ஓட்டத்தில் பக்கத்துத் தடத்துக்காரன் முந்திக் கிளம்பினான். அக்கா விடவில்லை. பாதியில் பிடித்தாள். கோட்டைத் தாண்டும்போது அரை வண்டி முன்னால் இருந்தாள். பன்னிரண்டு புள்ளி மூன்று. முதல் இடம். மொத்தத்தில் இரண்டாவது. சென்னை அணிக்காரர் ஆல்வினிடம் கை குலுக்கிப் பெயர் கேட்டார்.

மாமா துள்ளினார். உண்மையாகவே துள்ளினார், வேட்டி அவிழ, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு. அக்காவைத் தூக்கப் பார்த்தார், ஆல்வினைத் தூக்கப் பார்த்தார், கடைசியில் என்னைத் தூக்கிச் சுற்றி இறக்கினார். கையில் பலம் அப்படியேதான் இருந்தது. என் விலா இன்னும் வலிக்கிறது.

"பாத்தியா கல்லு" என்றார், மூச்சு வாங்க. முகம் பூராவும் சந்தோஷம், சந்தேகம் தீர்ந்தவரின் சந்தோஷம். "அதே வண்டி, அதே குழாயி. கை மாறுச்சு, ஓடிருச்சு. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மூலையில இருந்துட்டே இருந்துச்சு, நாமளாத்தான் பயந்துக்கறமோன்னு. இன்னைக்குத் தெளிஞ்சு போச்சு. நாளைக்குக் கடைக்கு நிம்மதியாப் போவேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். மைக்கில் யாரோ அக்காவின் பெயரைத் தப்பாக உச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா. அந்தக் கோட்ட அழிச்சது நான்தான். உங்க கையி இல்ல. நான்தான் மாமா."

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் என் கண்ணைத் துடைத்தார்.

"செரி கண்ணு" என்றார். "நீதான். வா, அக்காகூட நின்னு ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."